பழைய ஊர்ப் படங்களைத் தேடுவது எப்படி? டிஜிட்டல் காப்பகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் 1850களிலேயே கேமராவோடு ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்திருக்கிறார்கள். அப்படி எடுத்தவற்றில் கணிசமான பங்கு இன்று லண்டன், நியூயார்க், வாஷிங்டன், லாஸ் ஏஞ்சலஸ், பாசெல் போன்ற இடங்களில் இருக்கிறது. அவற்றில் நிறைய ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்துக்கு வந்துவிட்டன, காசு கொடுக்காமல் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் தேடிப் பார்த்தவர்களில் பலர் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். உள்ளூர் வரலாறு எழுதுபவர்கள், ஆசிரியர்கள், சொந்த ஊர்மேல் ஆசை உள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில்கள்.

ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினேன், ஒரு படம்கூட வரவில்லை. அப்படியென்றால் படமே இல்லையா?

பெரும்பாலும் இருக்கும். காப்பகத்தின் தேடல் பெட்டி படத்தைப் பார்ப்பதில்லை, படத்தோடு சேர்த்து எழுதி வைத்திருக்கும் குறிப்பைத்தான் படிக்கிறது. அந்தக் குறிப்பை எழுதியவர் 1860இல் சென்னைக்கு வந்த ஒரு ராணுவ அதிகாரியாக இருக்கலாம், நூறு வருஷம் கழித்து லண்டனில் அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றிய நூலகராகவும் இருக்கலாம். அவர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துத் தேட வேண்டும். இந்த வேலையின் முக்கால் பங்கு இதுதான்.

முதலில் ஊர்ப் பெயர். திருச்சிராப்பள்ளிக்கு டிரிச்சினோபொலி, திருநெல்வேலிக்கு டின்னவெல்லி, காஞ்சிபுரத்துக்குக் கான்ஜீவரம், தூத்துக்குடிக்கு டூட்டிகொரின், தரங்கம்பாடிக்கு டிராங்கிபார் என்று அன்றைய ஆங்கிலத்தில் எழுதினார்கள். மதுரையை 'ஐ' ஒலி இல்லாமல் மதுரா என்று முடித்துவிடுவார்கள். வடக்கே உள்ள கிருஷ்ணர் பிறந்த மதுராவின் படங்களும் அதோடு கலந்து வரும், பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டையில் 'உ'கரம் வரும் இடத்தில் இரண்டு 'ஓ' போட்டு எழுதியிருப்பார்கள். திருவையாற்றைத் திரிவாடி என்று போட்டிருப்பதை நம் ஆட்கள் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

உங்கள் ஊர் சின்ன ஊர் என்றால் அதன் பழைய எழுத்துக்கூட்டலைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் சவுத் ஏசியா லைப்ரரி தளத்தில், ஆங்கிலேயர் காலத்து ஊர் விவரத் தொகுப்பான 'இம்பீரியல் கெசட்டியர்' தொகுதிகள் முழுமையாக உள்ளன. அதில் உங்கள் தாலுகா, ஜில்லா என்று இறங்கிப் போனால் அன்றைக்கு ஆங்கிலத்தில் எப்படி எழுதினார்கள் என்று தெரிந்துவிடும். அதை அப்படியே எடுத்து வந்து காப்பகத்தில் போடுங்கள்.

ஊர் கிடைத்துவிட்டது. ஆனால் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தேடினால் வரவில்லையே?

மதுரைப் புதுமண்டபத்தை எடுத்துக்கொள்வோம். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம். தையற்கடைகளும் பாத்திரக்கடைகளும் புத்தகக்கடைகளுமாக நம் நினைவில் பதிந்த இடம். 'புதுமண்டபம்' என்ற பெயரை ஆங்கில எழுத்தில் எப்படித் தட்டினாலும் பழைய படங்கள் அநேகமாக வராது.

லின்னேயஸ் டிரைப் என்று ஒருவர், சென்னை ராணுவத்தில் கேப்டன், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1858 வாக்கில் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று சுற்றிப் பெரிய காகித நெகட்டிவ்களில் படமெடுத்தார். புதுமண்டபத்தையும் எடுத்தார். தலைப்பில் அவர் எழுதியது 'ட்ரிமுல் நாயக்ஸ் சவுல்ட்ரி'. திருமலை நாயக்கர் ட்ரிமுல் நாயக் ஆகிவிட்டார், மண்டபம் சவுல்ட்ரி ஆகிவிட்டது. இந்த இரண்டு சொற்களைப் போட்டால் லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் என்று வரிசையாகத் திறக்கும். கடைகள் இல்லாத மண்டபம், தூண்களில் சாய்ந்து விழும் வெளிச்சம், முகம் தெரியும் அளவுக்குச் சிற்பங்கள். நாயக்கர் மகாலின் படங்களும் அதே ட்ரிமுல் நாயக் பெயரில்தான் இருக்கின்றன.

இதே டிரைப் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 6 மீட்டர் நீளத்துக்கு ஒரே பட்டையாக்கினார். அதைப் பார்க்காமல் விடாதீர்கள். கல்வெட்டு என்று தேடினால் வராது, 'இன்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்பதோடு தஞ்சாவூரின் பழைய பெயரான டேன்ஜோரைச் சேர்க்க வேண்டும்.

இப்படி வேறு என்னென்ன சொற்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்?

கோயில் என்பதற்கு டெம்பிள் போலவே பகோடா என்றும் இருக்கும். பிரெஞ்சுக் காப்பகங்களில் பகோடாதான் அதிகம். குளம் என்றால் டேங்க். ஏரிக்கும் டேங்க்தான். தேர் என்றால் கார். இன்றைய தேடுபொறியில் வெறும் கார் என்று போட்டால் மோட்டார் வண்டிதான் கொட்டும், ஆகவே 'டெம்பிள் கார்' என்று சேர்த்துப் போடுங்கள். அணை 'அனிகட்', தோப்பு 'டோப்', கலெக்டர் ஆபீஸ் 'கச்சேரி', பாளையக்காரர் 'பொலிகார்'. சென்னைக் கடற்கரையில் துறைமுகம் வருவதற்கு முன் அலை தாண்டி ஆட்களையும் சரக்கையும் கரைசேர்த்த படகுகள் 'மசூலா' என்ற பெயரில் இருக்கும். கட்டுமரம் மட்டும் கேட்டமரான் என்று கிட்டத்தட்ட நம் ஒலியிலேயே கிடைக்கும். ஜார்ஜ் டவுன் 20ஆம் நூற்றாண்டு தொடங்கும்வரை பிளாக் டவுன்.

சில தளங்களில் 'சப்ஜெக்ட்' என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கிறதே, அது எதற்கு?

நூலகர்கள் நமக்குச் செய்து வைத்திருக்கும் பெரிய உதவி அது. வாஷிங்டனில் உள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் படங்களுக்கென்றே ஒரு சொற்பட்டியல் வைத்திருக்கிறார்கள். படத்தில் என்ன தெரிகிறதோ அதற்குப் பட்டியலில் உள்ள சொல்லை மட்டுமே போடுவார்கள். மாட்டு வண்டி, கட்டை வண்டி, குதிரை வண்டி என்று எடுத்தவர் எப்படி எழுதியிருந்தாலும் பொருள் தலைப்பில் 'கார்ட்ஸ் அண்ட் வேகன்ஸ்' என்று ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். அதன் பின்னால் நாடும் காலமும் கோடு போட்டுச் சேர்ந்திருக்கும்.

இதைப் பயன்படுத்தும் முறை எளிது. எப்படியாவது தேடி, உங்களுக்கு வேண்டிய மாதிரி ஒரே ஒரு படத்தைப் பிடித்துவிடுங்கள். அதன் பக்கத்தில் கீழே இறங்கிப் போனால் பொருள் தலைப்புகள் சொடுக்கும் வகையில் இருக்கும். அதைச் சொடுக்கினால் அதே பொருளில் உள்ள மற்றவை எல்லாம் வரும். சொல்லை நாமே ஊகித்துத் தட்டிக்கொண்டிருப்பதைவிட இது பல மடங்கு மேல்.

இதிலும் ஒரு குறை உண்டு. கோபுரம், மண்டபம், தெப்பம், தாலி, கோலம் இவற்றுக்கெல்லாம் அந்தப் பட்டியலில் தனி இடம் எதிர்பார்க்க முடியாது. அவை 'டவர்ஸ்', 'டெம்பிள்ஸ்', 'ரைட்ஸ்' போன்ற பொதுவான சொற்களுக்குள் கரைந்திருக்கும். அதனால் பொருள் தலைப்பை அகலமாக வைத்து, இடத்தையும் காலத்தையும் கொண்டு குறுக்குங்கள்.

ஒரு சம்பவத்தின் படம் வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

அந்தச் சம்பவம் யாருக்கு முக்கியமாகப் பட்டிருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பாம்பன் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. நமக்கு அது ராமேஸ்வரம் போகும் வழியாக இருந்தது. தென்னிந்திய ரயில்வேக்கு அது தனுஷ்கோடி வழியாக இலங்கையைத் தொடும் பாதையின் ஒரு கண்ணி. கப்பல் போக நடுவில் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பகுதி அமெரிக்கப் பொறியாளர்களின் வடிவமைப்பு, ஆகவே இன்ஜினியரிங் பத்திரிகைகளும் படத்தோடு எழுதின. பாம்பன் என்று தேடி முடித்ததும் 'சவுத் இண்டியன் ரயில்வே', 'ஷெர்சர்', 'இண்டோ சிலோன்' என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஊர்ப் பெயரிலேயே 'பாம்பன்' தவிர 'பாம்பென்' என்றும் பழைய ஆவணங்களில் உண்டு.

எம்டன் குண்டு போட்டது இன்னொன்று. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைமேல் சுட்டு, துறைமுகத்துக்கு அருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. சென்னைக்காரர்கள் அதை ஊரின் பெயரால் தேடுவார்கள். எண்ணெய் கம்பெனியின் பெயரிலும் கப்பலின் பெயரிலும் தேடிப் பாருங்கள். ஜெர்மன் பக்கத்தில் அது ஒரு கப்பலின் வீரக் கதை, சென்னை அதில் ஓர் அத்தியாயம்தான்.

எந்தக் காப்பகத்தில் முதலில் பார்க்கலாம்?

தேடுகிற பொருளைப் பொறுத்தது. கோயில், கோட்டை, அரண்மனை என்றால் பிரிட்டிஷ் லைப்ரரியின் இந்தியா ஆபீஸ் தொகுப்பைவிடப் பெரியதில்லை. 2023 அக்டோபரில் நடந்த சைபர் தாக்குதலில் அதன் இணையச் சேவைகள் முடங்கின, அதன் பழைய இணைப்புகளை நம்பிக் கட்டுரை எழுதியவர்கள் எல்லோரும் தவித்தார்கள். அந்தத் தொகுப்பிலிருந்த ஏராளமான படங்கள் முன்பே விக்கிப்பீடியாவின் இலவசப் படக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸில் ஏறியிருப்பதால், நான் அங்கேதான் தொடங்கச் சொல்வேன். காமன்ஸ் பக்கத்தில் மூலக் காப்பகத்தின் பெயரும் எண்ணும் இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

கலைத்தரம் உயர்ந்த ஆரம்பகாலப் படங்களுக்குக் கெட்டி, மெட்ரோபாலிட்டன். இரண்டிலும் உரிமை முடிந்த படங்களைப் பெரிய அளவில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். கெட்டி 2013இலும் மெட்ரோபாலிட்டன் 2017இலும் இப்படித் திறந்துவிட்டன. நீலகிரிக்கு, குறிப்பாகப் படகர் ஊர்களுக்கு, சுவிட்சர்லாந்தின் பாசெல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பின் காப்பகத்தைப் பாருங்கள். கேத்தியிலும் கோத்தகிரியிலும் அவர்களுக்கு நிலையங்கள் இருந்தன. குறிப்புகள் ஜெர்மனில் இருந்தால் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படித்துவிடலாம்.

சிற்பம், கோயில் கட்டடக்கலை பற்றி ஆராய்பவர்கள் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தை விடக் கூடாது. 1950களில் தொடங்கி தென்னிந்தியக் கோயில்களைச் சல்லடை போட்டுச் சலித்துப் படமெடுத்த தொகுப்பு அது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். திருப்பணி என்ற பெயரில் மாறிப்போன சிறு கோயில்கள் பழைய நிலையில் எப்படி இருந்தன என்று காட்ட அதைப் போல வேறு சாட்சி கிடையாது. ஈழத்துப் படங்களுக்கு, இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேகரிக்கும் 'நூலகம்' என்ற நிறுவனத்தின் 'ஆவணகம்' தளம். தமிழிலேயே குறிப்பு எழுதி, தமிழிலேயே தேட வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன எழுத்துக்கூட்டல் சிரமம் எதுவும் அங்கே இல்லை. நம் எல்லாக் காப்பகங்களும் அப்படி அமைய வேண்டும்.

குறிப்பே இல்லாத படங்களை எப்படித் தேடுவது?

பக்கத்துப் படத்தின் வழியாக. இதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1935 முதல் 1944 வரை அந்நாட்டு அரசு தன் விவசாயிகளையும் கூலிகளையும் சிற்றூர்களையும் படமெடுக்க ஆட்களை அனுப்பியது. சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் உள்ளன. அவற்றில் ஏராளமானவற்றுக்குத் தலைப்பே எழுதப்படவில்லை. தொகுப்பின் தலைவர் ராய் ஸ்டிரைக்கர் வேண்டாம் என்று ஓட்டை போட்டு ஒதுக்கியவையும் அதில் சேர்த்தி, அந்தக் கறுப்பு வட்டம் படத்தின் நடுவில் அப்படியே தெரியும். ஆனால் நெகட்டிவ் எண்கள் வரிசையாக இருக்கின்றன. தலைப்புள்ள ஒரு படத்தைத் திறந்து, அழைப்பெண் (காப்பகம் படத்துக்குக் கொடுத்த அடையாள எண்) வரிசையில் அக்கம்பக்கம் காட்டும் இணைப்பைச் சொடுக்கினால், அதே இடத்தில் அதே ஆள் முன்னும் பின்னும் எடுத்தவை வரிசையாக வந்து நிற்கும்.

நம் படங்களுக்கும் இதே வழிதான். ஆல்பமாக இருந்தால் முன் பக்கம், பின் பக்கம் பாருங்கள். பயணம் போனவர் திருச்சியிலிருந்து மதுரைக்குத்தான் போயிருப்பார், நடுவில் பெயரில்லாமல் நிற்கும் மலை எது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

மனிதர்களின் படங்களைத் தேடும்போது வரும் சொற்கள் மனதைப் புண்படுத்துகின்றன. என்ன செய்வது?

உண்மைதான். 19ஆம் நூற்றாண்டுக் காலனியக் குறிப்புகளில் கோயிலுக்கும் நாயக்கருக்கும் பெயர் இருக்கும், படத்தில் நிற்கும் மனிதருக்கு இருக்காது. சாதி, தொழில், 'நேட்டிவ்', 'கூலி' என்று எழுதி முடித்துவிடுவார்கள். தேவதாசிகளை 'நாட்ச் கேர்ள்', 'டான்சிங் கேர்ள்' என்றும், பிரெஞ்சில் 'பயதேர்' என்றும் போட்டிருக்கிறார்கள். தேடுவதற்கு அந்தச் சொற்களைப் போட்டே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. ஆனால் நீங்கள் எழுதும்போது அந்தச் சொல்லைத் திரும்ப எழுத வேண்டியதில்லை. மூலத் தலைப்பு இது என்று மேற்கோளில் ஒரு முறை கொடுத்துவிட்டு, உங்கள் சொல்லில் எழுதுங்கள்.

1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தின்போது வில்லபி வாலஸ் ஹூப்பர் எடுத்த படங்கள் 'மெட்ராஸ் ஃபேமின்' என்ற பெயரில் வரும். எலும்பும் தோலுமாக இருந்தவர்களைக் குழுவாக உட்காரவைத்து எடுத்தவை. பள்ளிப் பாடத்துக்கோ கட்டுரைக்கோ எடுத்தால் தனியே படத்தை மட்டும் போடாதீர்கள். எந்த ஆண்டு, என்ன பஞ்சம், படமெடுத்தவர் ஓர் ராணுவ அதிகாரி என்ற மூன்றும் கூடவே இருக்கட்டும்.

போட்டிருக்கும் தேதியை நம்பலாமா?

படத்தையே சாட்சி கேளுங்கள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் முழு உயரத்தில் நின்றால் படம் 1987க்குப் பிந்தியது, அதற்கு முன் அது மொட்டையாகத்தான் நின்றது. சென்னைத் தெருவில் மின்சார டிராம் ஓடினால் 1895க்கும் 1953க்கும் இடையில். ரிப்பன் மாளிகை இருந்தால் 1913க்குப் பின், மவுண்ட் ரோட்டில் எல்ஐசி கட்டடம் தெரிந்தால் 1959ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. உங்கள் ஊருக்கும் இப்படி ஒரு பட்டியல் போடலாம்: தண்ணீர்த் தொட்டி எப்போது கட்டியது, பாலம் எப்போது வந்தது, தியேட்டர் எப்போது இடித்தது. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

இடவலம் மாறிய படங்களும் உண்டு. கண்ணாடி நெகட்டிவைத் திருப்பிப் போட்டு ஸ்கேன் செய்தால் ஊரே கண்ணாடியில் பார்ப்பது போல மாறிவிடும், அப்புறம் கோயில் எந்தப் பக்கம் என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடாது. கடைப் பலகையின் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து இல்லையென்றால் முந்தானை எந்தத் தோளில் கிடக்கிறது என்று பாருங்கள், கூட்டமே வலத்தோளில் போட்டிருந்தால் சந்தேகப்படலாம்.

தலைப்பு சதுர அடைப்புக்குள் இருக்கிறது. ஏன்?

அது நூலகர் கொடுத்த தலைப்பு என்று பொருள். படத்தின் பின்னால் எடுத்தவரே எழுதியிருந்தால் அடைப்பு இருக்காது. வருஷத்துக்கு முன் சுமார் என்ற பொருளில் 'சி' எழுத்து நின்றால் அது ஊகம்.

கூகுள் லென்ஸில் போட்டால் போதாதா?

ஒரு வேலைக்கு அது ரொம்ப நல்லது. வாட்ஸாப்பில் சுற்றும் ஒரு படத்தின் மூலம் எது, அதே படம் வேறு காப்பகத்தில் இதைவிட நல்ல குறிப்போடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம். டின்ஐ என்ற படத்தேடல் தளமும் இதற்கு உதவும். ஆனால் கோபுரத்தைக் காட்டி இது எந்த ஊர் என்று கேட்டால் பிரபலமான நாலைந்து கோயில்களில் ஒன்றைச் சொல்லிவிடும். சின்ன ஊர்க் கோயில்களுக்கு அதை நம்பாதீர்கள்.

கிடைத்த படத்தை என் புத்தகத்தில் போடலாமா?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தத்துக்குப் பின், புகைப்படத்துக்கு எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை. 19ஆம் நூற்றாண்டில் வெளியான படங்களுக்கு அது எப்போதோ முடிந்துவிட்டது. இருந்தாலும் சில காப்பகங்கள் தங்கள் ஸ்கேன் பிரதிக்கென்று நிபந்தனை வைத்திருக்கும், அச்சில் போடுவதற்கு முன் அந்தப் பக்கத்தின் உரிமைக் குறிப்பைப் படியுங்கள். அப்புறம், படத்தை இறக்கும்போதே காப்பகத்தின் பெயர், படத்தின் எண், எடுத்தவர், ஆண்டு, நிலையான இணைப்பு ஐந்தையும் ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடுங்கள். இணைப்பு செத்துப்போனாலும் எண் இருந்தால் படத்தைத் திரும்பப் பிடித்துவிடலாம்.

தாத்தா பாட்டி ஸ்டூடியோவில் எடுத்த படங்கள் மாதிரி சாதாரணக் குடும்பப் படங்கள் எங்காவது உண்டா?

உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அழிவின் விளிம்பில் உள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் லைப்ரரி திட்டத்தின் உதவியோடு, பழைய தமிழக ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் இருந்த படங்களை டிஜிட்டல் ஆக்கியிருக்கிறது. எண் 737 கொண்ட திட்டம். வரைந்த திரை, பூச்சாடி வைத்த முக்காலி, நாற்காலியில் கணவர், பக்கத்தில் நின்றபடி மனைவி என்று நம் வீட்டுச் சுவரில் பார்த்த அதே உலகம். ஆங்கிலேயர் எடுத்தவற்றில் காணாத முகபாவம் இவற்றில் இருக்கிறது, ஏனென்றால் இந்த மனிதர்கள் தாங்களே காசு கொடுத்து, தாங்கள் விரும்பியபடி நின்றார்கள். ஊர்ப் பெயரைவிட ஸ்டூடியோவின் பெயரும் 'வெட்டிங்', 'ஃபேமிலி' போன்ற சொற்களும் இங்கே பலன் தரும்.

காப்பகத்தின் குறிப்பு தவறு என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது. யாரிடம் சொல்வது?

அந்தக் காப்பகத்துக்கே எழுதுங்கள், படிப்பார்கள். படத்தின் எண்ணைக் கொடுத்து, எது தவறு, எது சரி, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று நாலு வரி போதும். அதே இடத்தில் அதே கோணத்தில் இன்று எடுத்த படம் ஒன்றை இணைத்தால் பேச்சுக்கே இடமில்லை. காமன்ஸில் இருக்கும் படமென்றால் யாரையும் கேட்க வேண்டாம். கணக்கு தொடங்கி, படத்தின் கீழ் தமிழில் விளக்கம் சேர்த்து, 'சித்திரிக்கப்படுவது' என்ற பகுதியில் இடத்தின் பெயரையும் இணைத்துவிடலாம். அந்த ட்ரிமுல் நாயக் படத்துக்குக் கீழே புதுமண்டபம் என்று ஒருவர் எழுதிவிட்டால் போதும், அடுத்து தமிழில் தேடுகிறவருக்கு அது முதல் தட்டலிலேயே வந்துவிடும்.